மாமியாருக்கு மேலே ஒரு தக்ளி

"கொஞ்சம் நகருங்க அத்தே, கால நீட்டணும்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் இஷ் மூவான் பாயை விரிப்பாள். அந்தச் சுண்ணாம்புத் தரைக்கு அடியில் மாமியார் முழங்காலை மடக்கிப் படுத்திருக்கிறார். வீட்டில் காற்று வரும் இடம் அது ஒன்றுதான். அவர் உயிரோடு இருந்தபோதும் இருவருக்கும் சண்டை அந்த இடத்துக்குத்தான்.

நூல் நூற்க உட்கார்ந்தால், சுரைக்குடுவையில் தக்ளியின் முனையை ஊன்றி, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு சுழற்றுவாள். வாயும் கூடவே சுழலும். பக்கத்து வீட்டு வான்கோழி உள்ளே புகுந்தது, மகள் கஞ்சியை அடிப்பிடிக்க விட்டது, எல்லாம் உடனுக்குடன் கீழே போய்விடும். சோளக்கஞ்சியில் முதல் வாய் தரைக்குத்தான். "குடிச்சிட்டு மிளகா பத்தலைன்னு ஆரம்பிக்காதீங்க" என்பாள். ஊரில் எல்லார் வீட்டிலும் முன்னோரைத் தரைக்கு அடியில்தான் புதைப்பார்கள்; மற்றவர்கள் அவர்களிடம் பயபக்தியோடு பேசுவார்கள், இவள் வம்பளக்கிறாள்.

அவளுடைய தக்ளிக் குச்சியில் கனத்துக்குக் கோத்திருந்த சுட்ட மண்வில்லை விளிம்பு உடைந்தது. தக்ளி தள்ளாடும், நூல் அறும். புதிது எத்தனை செய்து பார்த்தும் எடை அமையவில்லை. மகளின் கல்யாணத் துணி பாதியில் நிற்கிறது; மாப்பிள்ளை வீட்டில் முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. மாமியாரின் வில்லையோ பறவை செதுக்கியது, ஆடாமல் அசையாமல் சுற்றும். "அது எங்கூடத்தான் வரும்" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் கண்ணை மூடினார். கையில் கொடுத்தே புதைத்தார்கள்.

வழக்கப்படி எலும்புகளுக்குச் செந்தூரம் பூசுவதற்காகப் போன மாதம் தரையைத் திறந்தார்கள்.

"அந்த வில்லைய எடுத்துக்கோடி. அம்மாவ நான் குங்கிலியம் போட்டு சமாதானம் பண்ணிக்கிறேன்" என்றான் கணவன் சுவென்.

"உங்கம்மாவ? நீங்க?" என்று சிரித்துக்கொண்டே குழிக்குள் இறங்கினாள்.

விரல் எலும்புகளுக்கு நடுவே வில்லை அப்படியே கிடந்தது. அதில் செருகியிருந்த குச்சி மட்டும் மக்கி மண்ணாகியிருந்தது. நீட்டிய கை நின்றுவிட்டது.

"ஐயோ அத்தே... இத்தன நாளா குச்சியில்லாம சும்மாவா இருந்தீங்க? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

சும்மா இருக்கத் தெரியாத மனுஷி அவர். இஷ் மூவானுக்கு அழுகை வந்துவிட்டது.

கொண்டையில் செருகியிருந்த தன் தக்ளியை உருவி, உடைந்த வில்லையைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டாள். குச்சியை மாமியாரின் வில்லைக்குள் நுழைத்தாள்.

"அம்மா, என் துணி?" என்றாள் மேலே நின்ற மகள்.

இஷ் மூவான் இடுப்பிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்தாள். அதைப் பிரித்து, அறாமல் ஒரு முழம் நூற்று, குச்சியில் சுற்றினாள். பிறகு விரல் எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அந்தத் தக்ளியின்மேல் மூடி வைத்தாள்.