மாமனார் வாங்கிய யூரோ

தேயிலைச் சரிவின் வளைவில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய கைபேசியை வானத்தை நோக்கி உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார் என் மாமனார். அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான். ரிங்லெட் என்ற மலை டவுனிலிருந்து உள்ளே தள்ளி, பள்ளத்தில் இருந்தது எங்கள் எஸ்டேட் லயம், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகள். அங்கே கைபேசிக்கு லைன் கிடைக்காது. வளைவுக்கு ஏறினால் இரண்டு கோடு தெரியும், வெயில் நாளென்றால் மூன்று. இளவட்டங்கள் காதல் பேச வந்து நிற்கிற அந்த இடத்தில், அறுபதைத் தொட்ட மனிதர் யூரோவின் விலையைப் பார்க்க நின்றார். அந்தப் பிள்ளைகளுக்கு அவரால் பெரிய தொந்தரவு.

தேயிலை பேக்டரியில் இலை உருட்டும் மெஷின் பக்கத்திலேயே காலத்தைக் கழித்தவர் அவர். வேலை ஓய்ந்ததும் சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. லயத்து வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம், ஓய்வு பெற்றவர்கள் காலி செய்துகொடுக்க வேண்டும் என்று எஸ்டேட் ஆபீசின் எழுத்தர், கிராணி, நல்ல முறையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். ரிங்லெட் டவுன் பக்கம் ஒரு சின்ன வீட்டைப் பார்த்து வைத்திருந்தோம். சேமநிதிப் பணம் அந்த வீட்டுக்குக் கிட்டத்தட்டப் போதும். கொஞ்சம்தான் இடித்தது. அந்தக் கொஞ்சத்தில்தான் அந்நியச் செலாவணி வணிகம் வந்து உட்கார்ந்தது. ஈப்போவில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், பக்கத்து நாற்காலிக்காரன் கைபேசியில் காட்டிய பச்சை சிவப்புக் கோடுகளை மனதில் ஏற்றிக்கொண்டு திரும்பினார். என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். நான் பக்கத்து டவுனான தானா ராத்தாவில் காசு மாற்றும் கடையில் கவுண்டரில் இருந்தேன். வீட்டில் டாலரோடு பழக்கமுள்ள ஆள் நான் ஒருத்திதான் என்று முடிவு கட்டி, என்னிடம் வந்தார்.

"ஏம்மா, ஜோடி ஜோடிங்கிறானே, அது என்னா?" என்பதுதான் முதல் கேள்வி. ஒரு நாட்டுப் பணத்தை வெறுமனே வாங்க முடியாது மாமா, இன்னொரு நாட்டுப் பணத்தைக் கொடுத்துத்தான் வாங்க முடியும், அதனால் எப்போதும் இரண்டு இரண்டாகவே எழுதுவார்கள் என்றேன். யூரோ-டாலர் 1.0850 என்றால் ஒரு யூரோவுக்கு அத்தனை டாலர். முதலில் நிற்பது நாம் வாங்குகிற சரக்கு, இரண்டாவது நாம் கொடுக்கிற காசு. யூரோ ஏறும் என்று தோன்றினால் வாங்கலாம். இறங்கும் என்று தோன்றினால், கையில் இல்லாவிட்டாலும் முதலில் விற்றுவிட்டுப் பிறகு மலிவாக வாங்கி நேர் செய்யலாம். "இல்லாத சாமான எப்படிம்மா விக்கிறது? போலீஸ் புடிச்சுக்கிட்டுப் போயிரும்" என்று அந்தப் பக்கமே அவர் போகவில்லை. ஆனால் ஸ்ப்ரெட் அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. எங்கள் கடைப் பலகையில் சிங்கப்பூர் டாலருக்கு இரண்டு விலை எழுதியிருக்கும். நாங்கள் வாங்குவது ஒன்று, விற்பது அதைவிடக் கொஞ்சம் கூட. நடுவில் உள்ள வித்தியாசம்தான் கடைக்காரருக்குச் சோறு போடுகிறது, அதற்குப் பெயர்தான் ஸ்ப்ரெட், வாங்கின நிமிஷமே அந்த அளவு நஷ்டத்தில்தான் தொடங்குவோம் என்று சொன்னேன். "அப்ப ஒங்க முதலாளி ரெண்டு பக்கமும் வெட்டுறாருலா" என்றார். என் முதலாளிமேல் அவருக்கு அன்றிலிருந்து தனி மரியாதை.

பிப் என்பது நாலாவது தசம இடத்தில் நடக்கும் ஒரு அசைவு. 1.0850 என்பது 1.0851 ஆனால் ஒரு பிப். இதுக்கா இவ்வளவு கூத்து என்று சிரித்தார். லாட் என்றதும் சிரிப்பு நின்றது. ஒரு முழு லாட் என்பது ஒரு லட்சம் யூரோ, அதில் ஒரு பிப் நகர்ந்தால் பத்து டாலர். அத்தனை பணத்துக்கு எங்கே போவது? அதற்குத்தான் லீவரேஜ். ஒன்றுக்கு நூறு என்று எடுத்தால், நாம் ஆயிரம் வைத்தால் போதும், தரகர்கள் ஒரு லட்சத்துக்கான சரக்கை நம் பெயரில் பிடித்துவைப்பார்கள். நாம் ஈடாக வைக்கிற அந்த ஆயிரம் மார்ஜின். லாபம் ஒரு லட்சத்துக்கு வரும். நஷ்டமும் ஒரு லட்சத்துக்கு வரும், ஆனால் போவது நம் பணம். கணக்கு மெலிந்துகொண்டே போனால் மார்ஜின் கால் என்று எச்சரிக்கை வரும், இன்னும் கீழே போனால் நம்மைக் கேட்காமலே விற்று முடித்துவிடுவார்கள். நான் நஷ்டத்தைத்தான் அழுத்தி அழுத்திச் சொன்னேன். அவர் காதில் ஒரு லட்சம் மட்டும் விழுந்தது. அடுப்படியில் அவர் மனைவி, என் அத்தை, பாத்திரம் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். பொய்ப் பணத்தில் பழகிப் பார்க்கப் பயிற்சிக் கணக்கு இருக்கிறது. விலைகள் மட்டும் நிஜம். தீபாவளி வரைக்கும் அதில் விளையாடட்டும். பணம் பெருகினால் வீட்டுப் பணத்தில் கை வைக்கலாம், கரைந்தால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. "சரிலா" என்றார், ஏற்கெனவே ஜெயித்துவிட்டவர் குரலில்.

ஜெயிக்கவும் செய்தார். வாங்கியதெல்லாம் ஏறியது. வளைவிலிருந்து இறங்கி வரும்போதே மோட்டாரின் ஹார்ன் சத்தத்தில் அன்றைய லாபம் எங்களுக்குத் தெரிந்துவிடும். பார்த்து வைத்த வீட்டில் ஓர் அறை பத்தாது என்று பேச ஆரம்பித்தார். அவர் செய்யாத காரியம் ஒன்றே ஒன்று. வாங்கும்போதே, இந்த விலைக்குக் கீழே போனால் விற்றுவிடு என்று முன்கூட்டிச் சொல்லி வைக்கிற ஸ்டாப் லாஸ். நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது வேலை செய்யும். நான் தினமும் கெஞ்சினேன். "நாந்தான் பாத்துக்கிட்டே இருக்கேன்ல" என்பார்.

இங்கேதான் எங்கள் மலை குறுக்கே வந்தது. லண்டன் சந்தை கண் விழிப்பது நமக்குப் பிற்பகலில். எங்கள் ஊரில் பனி இறங்குவதும் அதே பிற்பகலில்தான். தீபாவளி நெருங்கிய ஒரு நாள், லாபம் தந்த தைரியத்தில் கணக்கு தாங்கும் அளவுக்கு லாட்டுகளை அடுக்கி யூரோ வாங்கினார். கொஞ்ச நேரத்தில் பனி வந்து வளைவை மூடியது, பின்னாலேயே அடைமழை. எங்கேயோ மரம் விழுந்து கரண்ட் போனது. கைபேசிக் கோபுரமும் செத்துப்போய், இரண்டு கோடும் மறைந்துவிட்டன. நான் கடையிலிருந்து திரும்பும்போது அவர் அங்கேயே, தொப்பலாக நனைந்து, பையை உயர்த்திப் பிடித்தபடி நின்றிருந்தார். "வாங்க மாமா" என்றேன். "கொஞ்சம் இரும்மா, இப்ப வந்துரும்" என்றார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வந்தேன்.

மறுநாள் காலையில் லைன் வந்தது. ராத்திரியோடு யூரோ சரிந்திருந்தது, கணக்கில் மிச்சம் இருந்தது சொற்பம். மார்ஜின் கால் யாருக்கும் கேட்காமல் வந்து போயிருந்தது, அவர் வாங்கிய யூரோவையெல்லாம் தரகர்களே விற்று முடித்திருந்தார்கள். மாமனார் காலைத் தேநீரைத் தொடவில்லை. எனக்குள்ளே சந்தோஷம்தான். வீடு தப்பியது. "அது பொய்க் காசுதானே மாமா, விடுங்க" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "காசு பொய்தாம்மா. நேத்து நான் அங்க நின்ன நிலைமை பொய்யா? நிஜக் காசா இருந்தாலும் அப்படித்தானே கம்முன்னு நின்னுருப்பேன்." முந்திய நாள் சாயங்காலம் அந்த மழையில் அவர் முகத்தைப் பார்த்திருந்தேன்.

தீபாவளி கழிந்து வீட்டுப் பத்திரத்துக்காக ஈப்போவில் வக்கீல் ஆபீசுக்குப் போனோம். இடித்த பணத்தை என் கணவர் அனுப்பினார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பெயரிலும்தானே என்று வக்கீல் எழுதத் தொடங்கினார். "வேணாம் சார். அவ பேரு மட்டும் போடுங்க" என்றார் மாமனார். வக்கீல் பேனாவை நிறுத்திவிட்டு, நன்றாக யோசித்துத்தான் சொல்கிறீர்களா, பிறகு உங்களுக்கு அதில் ஒரு உரிமையும் இருக்காது என்று விளக்கினார். "அதுக்குத்தான் சார். எனக்குத் திரும்ப ஆசை வரும். என்னைய எனக்குத் தெரியும்" என்றார். அத்தை கையெழுத்துப் போட்டார்.

மாமனார் காலமாகிவிட்டார். அத்தை ரிங்லெட்டில் அந்த வீட்டில்தான் இருக்கிறார், நானும் அங்கேதான் இருக்கிறேன். இங்கே மழையானாலும் பனியானாலும் லைன் போவதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே உலகத்து விலையெல்லாம் தெரிகிறது. குடிவந்த புதிதில் மாமனாருக்கும் தெரிந்தது. ஒரு சாயங்காலம், இந்த வீட்டை அடமானம் வைத்தால் பேங்கில் எவ்வளவு தருவார்கள் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"அத எங்கிட்டல்ல கேக்கணும்."

மாமனார் அடுப்படிப் பக்கம் திரும்பினார். "கேட்டா குடுப்பியா?"

"மாட்டேன்."

"அதான் ஒம் பேருல எழுதுனேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.