ஹெலிக்கு யாருடைய கண்?

தும்பியின் நான்கு இறக்கைகளையும் முதுகுக்கு மேலே சேர்த்துப் பிடித்தால் விரல் நுனியில் ஒரு சின்ன மோட்டார் ஓடுவதுபோல அதிரும். அந்த அதிர்வு எனக்குக் கூச்சம் காட்டும். ஆனாலும் விடமாட்டேன், ஏனென்றால் நான் பார்க்க வேண்டியது அதன் கண்ணை. நெற்றி எது கன்னம் எது என்று பிரிக்க இடமில்லாமல் தலை முழுக்கக் கண்தான். மேலே மண்ணிறம், கீழே பச்சை. வெயிலில் மெல்லத் திருப்பினால் அந்தக் கண்ணுக்குள் ஒரு கரும்புள்ளி நகரும். நான் எந்தப் பக்கம் தலையைச் சாய்த்தாலும் அந்தப் புள்ளி என் பக்கமே நிற்கும்.

அரியாலையில், கடல்நீரேரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம், எனக்குப் பத்து வயது. யுத்தத்தால் 'கரண்ட்' நின்றுபோய் வீட்டு மின்குமிழ்களெல்லாம் சும்மா தொங்கிக்கொண்டிருந்த காலம். அதில் ஒன்றைக் குலம் மாமா கழற்றி, அடிப்பக்கத்தைக் குறட்டால் பக்குவமாக உடைத்து, உள்ளேயிருந்த கம்பிகளை எடுத்துவிட்டுக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பித் தந்தார். அதுதான் என் பூதக்கண்ணாடி. அதனூடே பார்த்தால் எறும்புக்கும் முகம் இருந்தது. குமிழின் வாயை முடிச்சுப்போட்ட பொலித்தீனால் அடைத்து, நாள் முழுக்க அதைக் கையில் ஏந்திக்கொண்டு திரிந்தேன். எதையும் செய்துபார்க்காமல் நம்பாத பிள்ளை நான். அம்மா அதற்கு வைத்த பெயர் 'விண்ணாணம்'.

குலம் மாமா அம்மாவின் தம்பி, தொழிலில் மேசன். சீமெந்து வராத காலமாகையால் அவருடைய சாந்துக் கரண்டி சாக்குக்குள் துருப்பிடித்துக்கொண்டிருந்தது. அப்பா கொழும்பில் வேலை, வந்துபோக வழியில்லை. வீட்டுக்கு ஆம்பிளை என்றால் மாமாதான். அவர் கடைசியாகக் கட்டிய கட்டடம் எங்கள் வளவில் வெட்டிய 'பங்கர்' என்ற பதுங்குகுழி. பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டு, இறங்கப் படியும் வைத்து, பார்த்தவர்கள் செய்முறை கேட்டுப்போகும்படி செய்திருந்தார். பிறகு தீவுப்பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து பெரியம்மாவும் அவருடைய மூன்று பிள்ளைகளும் எங்களிடம் வந்து சேர்ந்தார்கள். 'ஹெலி' என்று நாங்கள் சொல்லும் இராணுவ ஹெலிகொப்டர் வரும் நேரங்களில் எல்லோரும் அதற்குள் முழங்கால் நாடியில் முட்ட நெருக்கிக்கொண்டு இருப்போம்.

மாமா மட்டும் இறங்கமாட்டார். சத்தம் கேட்டதும் எங்களை உள்ளே தள்ளிவிட்டு, மாமரத்தடியில் போய், அடிமரத்தோடு முதுகைச் சாய்த்து நின்றுவிடுவார். ஹெலி சில நாள் சும்மா சுற்றிவிட்டுப் போகும், சில நாள் சுடும். எதுவானாலும் அவர் மரத்தடியில்தான். அம்மா பங்கர் வாசலில் நின்று கெஞ்சுவாள், ஏசுவாள். அவருக்கு ஒரே பதில்தான். ஓடுகிறவன்தான் ஹெலிக்குத் தெரிவான், அசையாமல் மரத்தோடு மரமாக நின்றால் மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு மரந்தான் தெரியும் என்பார். ஊரிலும் பலர் அப்படித்தான் சொன்னார்கள். வெள்ளை உடுப்பைக் கொடியிலிருந்து எடு, ஓடாதே, கையை ஆட்டாதே என்பவை அந்நாளில் எங்கள் எல்லோருக்கும் வாய்ப்பாடுபோலத் தெரியும்.

அசையாதது கண்ணுக்குத் தெரியாது என்பது மெய்தானா? இந்தக் கேள்வி எனக்குள் புகுந்த பிறகு சோறு இறங்கவில்லை. ஹெலியிடம் கேட்க முடியாது. ஆனால் கிணற்றடியில் ஹெலியைப்போலவே அந்தரத்தில் நின்று திரும்பும் ஒன்று இருந்ததே! சுட்டுவிரலை நீட்டிக்கொண்டு, மூச்சையும் அளந்து விட்டபடி கிணற்றுக் கட்டருகே நின்றேன். கை கடுத்து, கண்ணில் வியர்வை இறங்கி, இனி முடியாது என்கிறபோது ஒரு சிவப்புத் தும்பி வந்து என் விரல் நுனியிலேயே இருந்தது. என்னை ஒரு கொப்பு என்று நினைத்துவிட்டது! விரலை ஒரு நெல்லளவு அசைத்தேன், பறந்துவிட்டது. மூன்று நாள் செய்துபார்த்தேன், மூன்று நாளும் அப்படியே.

அதன் காரணம் பின்னாளில்தான் விளங்கியது. தும்பியின் கண் ஒரு கண்ணல்ல, ஆயிரக்கணக்கான சிறு கண்கள் நெருக்கி அடுக்கிய கூட்டுக்கண். ஒவ்வொன்றும் தன் திசையில் ஒரு துளியைத்தான் பார்க்கும். ஒரு பொருள் அசைந்தால் அது ஒரு சிறு கண்ணிலிருந்து அடுத்ததற்குத் தாவும். அந்தத் தாவலைத் தும்பி நாம் இமைப்பதற்குள் பிடித்துவிடும். அசையாத பொருளும் அதற்குத் தெரியும்தான், ஆனால் அதைப்பற்றி அது பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் என் கண்டுபிடிப்பை எல்லோருக்கும் அறிவித்தேன். மாமாவுக்குப் பிடிபடாத சந்தோசம். படிச்ச பிள்ளையே சொல்லிவிட்டது, இனி இதில் என்னோடு ஒருவரும் வாதாடக்கூடாது என்று அம்மாவுக்குச் சொல்லிச் சிரித்தார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அடுத்த முறை ஹெலி வந்தபோது என் தம்பி ரூபன் பங்கருக்குள் இறங்கவில்லை. ஆறு வயது. ஓடிப்போய் மாமரத்தடியில், மாமாவுக்குப் பக்கத்தில், இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு நின்றான். நான் சொன்னதைத்தான் செய்தான், பாவம். அம்மாவின் கத்தல் ஹெலியின் சத்தத்துக்கு மேலாகக் கேட்டது. மாமா அவனை ஒரு கையால் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, அம்மாவின் மடியில் போட்டுவிட்டு, திரும்பவும் மரத்தடிக்கே ஓடினார். அன்று நீரேரிப் பக்கமாகச் சுட்டார்கள். எல்லாம் அடங்கி வெளியே வந்ததும் அம்மா எனக்கு அடிக்கவில்லை.

"உன்ரை விண்ணாணத்தாலை எனக்கு ஒரு பிள்ளை போயிருக்கும்," என்று மட்டும் சொன்னாள்.

அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். அன்று முழுக்க மின்குமிழைத் தொடவில்லை. அடுத்த நாள், ஒரு தும்பியைக் கேட்டது போதாது, வேறு கண்ணையும் கேட்கவேண்டும் என்று தோன்றியது.

எங்கள் யன்னல் விளிம்பில் பயறளவு சிலந்தி ஒன்று இருந்தது. வலை பின்னாது, பூனைமாதிரிப் பதுங்கிப் பாயும். மின்குமிழினூடே பார்த்தபோது மயிர் அடர்ந்த முகத்தில் நான்கு கண்கள் வரிசையாகத் தெரிந்தன. நடுவில் இரண்டும் காரின் முன்விளக்குப்போலப் பெரியவை. தலையின் மேலே பக்கவாட்டில் இன்னும் நான்கு. பின்னாலிருந்து விரலை ஆட்டினேன். பக்கத்துக் கண்களால் கண்டுகொண்டு முழு உடம்போடும் திரும்பி, அந்தப் பெரிய இரண்டு கண்களாலும் என்னை நேரே பார்த்தது. தும்பி அப்படிப் பார்த்ததேயில்லை.

செத்த ஈயொன்றைக் கஞ்சிப் பசையால் ஓர் ஈர்க்கு நுனியில் ஒட்டி, யன்னல் வெடிப்பில் செருகி வைத்தேன். காற்றில்லை, ஈ அசையவில்லை. ரூபனையும் மாமாவையும் இழுத்துவந்து இருத்தினேன். சிலந்தி அங்குமிங்கும் நடந்தது, தற்செயலாக அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியது, நின்றது. நெடுநேரம் பார்த்தது. பிறகு வயிறு நிலத்தில் தேய ஊர்ந்துபோய், ஒரே பாய்ச்சல். ஈ அதன் வாயில்.

இன்று உயர்தர வகுப்பில் விலங்கியல் படிப்பிக்கும்போது இந்த இடத்தில் என் குரல் உயர்ந்துவிடுகிறது. தும்பிக்கும் சிலந்திக்கும் மிகப் பழைய மூதாதை ஒன்று. அதற்கு இரு பக்கமும் கூட்டுக்கண், நெற்றியில் சில தனிக்கண்கள். தும்பியின் வழியில் கூட்டுக்கண் பெருத்துத் தலையை மூடிவிட்டது, நெற்றிக் கண்கள் இன்றும் மூன்று பொட்டுகளாகக் கிடக்கின்றன. சிலந்தியின் வழியில் கூட்டுக்கண் உடைந்து சுருங்கிப் பக்கத்துக் கண்களாக, நெற்றிக் கண்களில் இரண்டு அந்த முன்விளக்குகளாக வளர்ந்தன. ஒரே காணியைப் பங்கிட்ட சகோதரரில் ஒருவர் வயலைப் பெருக்க, மற்றவர் வளவில் மாடி கட்டியதுபோல. பாயும் சிலந்தியின் முன்கண் ஒரு நீண்ட குழாய். வில்லை அசையாது, ஆனால் உள்ளே விழித்திரை நகர்ந்து நகர்ந்து எதிரே நிற்பதைக் கோடு கோடாகத் தடவிப் பார்க்கும். அசையாதிருப்பவனுக்கு அதனிடம் தப்ப இடமில்லை.

இவ்வளவும் தெரியாத நான் அன்று மாமாவிடம் கேட்டது ஒன்றுதான். ஹெலியில் இருக்கிறவனுக்குத் தும்பியின் கண்ணா, சிலந்தியின் கண்ணா? அவன் மனிதன் அல்லவா, அவனுக்கும் முகத்தின் முன்னால் இரண்டு பெரிய கண்கள் அல்லவா?

மாமா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் ரூபனைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பினார். அவன் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத் தெரியும் பிள்ளை. நான் நாலு பேருக்குத்தான் அதை வெட்டினனான். இப்ப உள்ளுக்கை ஏழு பேர். நானும் வந்தால் ஆரை வெளியிலை விடுறது?"

அவர் பிறகு, "கொம்மாட்டைச் சொல்லிப்போடாதை," என்றார்.

நான் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அன்று பொழுது சாய்வதற்குள்ளேயே சொல்லிவிட்டேன், அதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை. விடிந்ததும் அம்மா சேலையைச் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு பங்கரின் பின்பக்கம் வெட்டத் தொடங்கினாள். மாமா ஓடிவந்து மறித்தார். மேலே போடக் குற்றி இல்லை, வீணாக உடம்பை முறிக்காதே என்றார். அம்மா குசினிக் கதவைக் காட்டினாள். மாமா அதைக் கழற்றினார். பெரியம்மாவும் பிள்ளைகள் நாங்களும் மண் சுமந்தோம். மறுநாள் மாலைக்குள் ஓர் ஆள் குந்தியிருக்கும் அளவு நீண்டது பங்கர், குசினிக்குள் ஆடு வந்து போனது.

அடுத்த ஹெலிக்கு எட்டுப் பேரும் உள்ளே இருந்தோம். மாமாவின் முழங்கால் என் முழங்காலோடு முட்டிக்கொண்டிருந்தது. அது நடுங்கியது. சத்தம் தலைக்கு மேலே வரவர அவர் பல்லும் கிடுகிடுத்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், உள்ளங்கை ஈரமாக இருந்தது. ஹெலி போய் நெடுநேரமாகியும் அந்த நடுக்கம் நிற்கவில்லை.

தொண்ணூற்றைந்தில் எல்லோரும் ஊரைவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது மாமரம் இல்லை. பங்கரை மண்போட்டு மூடிய இடம் எது என்று இப்போது நானும் மட்டுமட்டாகத்தான் காட்டமுடியும். கிணற்றடிக்குத் தும்பிகள் வருவதும் குறைந்துவிட்டது.

போன வருடம் மாமா கொடிகாமத்தில் மகளின் வீட்டில் கண்ணை மூடினார். செத்தவீட்டுக்கு வந்த பழைய அரியாலைச் சனமெல்லாம் ஒரே கதையைத்தான் சொன்னது. ஹெலி வரும்போதும் குலம் மரத்தடியில் நிற்பான், பயமென்றால் என்னவென்று தெரியாதவன் என்றார்கள். மகளும் பெருமையோடு தலையாட்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பயம் தெரியாதவன் நின்றால் அதில் என்ன இருக்கிறது? அவளைக் குசினிப் பக்கம் கூட்டிப்போய், உன் அப்பா ஒவ்வொரு முறையும் பயந்து நடுங்கிக்கொண்டுதான் அங்கே நின்றார் என்று சொன்னேன். சொல்லிவிட்டு, அன்று முதல்முறையாக அழுதேன்.