மாடக்குழி இல்லாத சுவர்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 7, உட்பிரிவு 1: மனு கிடைத்த முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் நான் அனுப்பிய மனுவுக்கு, நாற்பதாவது நாளில் 'கோப்பு தேடப்பட்டு வருகிறது' என்று ஒரு வரி வந்தது. பணியில் இருந்தபோது இதே வரியை நானே பலருக்கு எழுதியிருக்கிறேன். அதனால் நடையில் குறை சொல்ல முடியவில்லை. மேல்முறையீடு செய்தேன்.

நான் கேட்டது, எங்கள் வீட்டுக்கும் மேற்கு வீட்டுக்கும் நடுவே இருக்கும் சுவரின் பழைய கட்டட அனுமதிக் கோப்பு. கோயிலைச் சுற்றிய தெருக்களில் எங்களுடையதும் ஒன்று. முகப்பு குறுகி, பின்பக்கம் நீளமாக ஓடும் வீடுகள். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். எங்கள் கூடத்தின் எட்டுத் தேக்கு உத்தரங்களும் ஒரு முனையை அந்தச் சுவரில்தான் ஊன்றியிருக்கின்றன. சுவர் போனால் கூரையும் போகும்.

மேற்கு வீட்டை முதலில் கட்டியவர் ஒரு துணி வியாபாரி. எங்கள் வீட்டைக் கட்டியவர் பள்ளி ஆசிரியரான என் தாத்தா. இருவரும் பாதிக்குப் பாதி போட்டு எழுப்பிய சுவர் என்று அப்பா சொல்லுவார். வருகிறவர்களிடம் அதைத் தட்டிக் காட்டுவார்.

அந்த மேற்கு வீட்டைச் சோழவந்தான்காரர் ஒருவர் வாங்கினார். வெற்றிலைக் கொடிக்கால் குடும்பம். இடித்துக் கட்டப் போவதாகச் சொல்ல, ஒரு கவுளி வெற்றிலைக் கட்டோடு வந்தார். வெற்றிலை தருபவர் எதையோ கேட்கத்தான் வருவார் என்று எனக்குத் தோன்றியது.

"பயப்படாதீங்கண்ணே. அந்தச் சுவத்துல கை வைக்க மாட்டேன்" என்றார்.

"எழுதிக் கொடுங்க."

"எழுத்துல என்னண்ணே இருக்கு? சொல்றேன்ல."

எழுதித் தர மறுப்பவரை நம்பக் கூடாது என்பது என் சர்வீஸ் முழுக்கக் கற்ற பாடம். மறுநாளே அந்த மனுவைத் தபாலில் போட்டேன். இடிக்கும்போது அதிரும், உங்கள் உத்தரங்களுக்கு அடியில் இரும்புக் குழாய் முட்டுக் கொடுக்கிறேன் என்று ஆட்களை அனுப்பினார். வீட்டுக்குள் வந்து அளவெடுக்கத் திட்டம் என்று வாசலிலேயே நிறுத்தினேன்.

"சாமியே வந்தாலும் அடையாள அட்டை கேப்பீங்க" என்று சொல்லிவிட்டு என் மனைவி அவர்களை உள்ளே விட்டுக் காபியும் கொடுத்தாள்.

இடிப்பு முடிந்த அன்று நான் வெளியே போய்ப் பார்த்தேன். சுவர் மட்டும் தனியாக நின்றது. அந்தப் பக்கம் வரிசையாக ஏழு மாடக்குழிகள், விளக்குக் கரி படிந்து. எங்கள் பக்கம் ஒன்றுகூட இல்லை. காலண்டர் ஆணி மட்டும்தான்.

"சுவரு யாருதோ அவுக பக்கந்தேன் மாடம் வச்சுக் கட்டுவாக, சார்" என்றார் கொத்தனார். "இந்தத் தெரு முச்சூடும் அப்படித்தான்."

அறுபது வருடம் அந்த மொட்டைச் சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டவன் நான். கொத்தனாருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்றுதான் அப்போதும் யோசித்தேன்.

புது வீட்டில் பால் காய்ச்சும் நாள். மனைவி போய்விட்டாள். நான் போகவில்லை. பத்து மணிக்குத் தபால்காரர் வந்தார். உறைக்குள் கோப்பின் நகல். அதில் தாத்தாவின் சம்மதக் கடிதம்: 'சுவர் முழுவதும் மேற்கு வீட்டாருக்கே பாத்தியம். அவர்கள் தயவில் என் உத்தரங்களை ஊன்றியிருக்கிறேன். எப்போது கேட்டாலும் எடுத்துக்கொள்கிறேன்.' கீழே அவரது அழகான கையெழுத்து.

பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சோழவந்தான்காரரிடம் கடிதத்தை நீட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடி தேடவில்லை, படிக்கவும் இல்லை.

"தெரியும்ணே. இதோட அசலு என் பத்திரக் கட்டுல இருக்கு."

"பிறகு ஏன் சொல்லலை?"

"ஆபீஸ்லதான கேட்டீங்க? எங்கிட்ட கேக்கலையே. பால் குடிங்கண்ணே, ஆறிப் போகுது."

குடித்தேன். சர்க்கரை அதிகம். வீட்டுக்கு வந்து, பழக்க தோஷத்தில், உறையின் மேல் பெற்ற நாளைக் குறித்தேன்: ஆவணி, முதல் வெள்ளிக்கிழமை.