முயலுக்கு அடுத்த ஆள்

எண்பதுகளில் ஒரு நாள். மில்லில் நசுங்கிய விரலுக்குக் கட்டு மாற்றக் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அப்போதெல்லாம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டுதான் போகவேண்டும், அது கிடக்கட்டும். வாசல் பெஞ்சில் ஒரு சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டி இடது காலை வெயிலில் நீட்டியிருந்தார். மீசைக்குச் சாயம். வெயில் நகர நகர அவரும் நகர்ந்தார்.

"ரத்தக்குழா அடைச்சிருக்கு தம்பி. காலை எடுக்கணுமான்னு இன்னிக்குச் சொல்லுவாங்க" என்றார் சிரித்தபடி. "பிரான்சுல ஒரு மருந்து சோதிச்சுப் பாக்குறாங்களாம், மச்சான் வந்தப்ப சொன்னான். ஊசி போட்டா அடைப்புல போய் ஒட்டிக்குமாம். வெளிச்சம் பட்டா முழிச்சிக்கிட்டு அடைப்பக் கரைச்சிடுமாம்!"

"இங்க வந்துடுச்சாங்க?"

"இப்பதான் முயலுக்குப் போட்டிருக்காங்க. அடுத்தது நான்தான்!"

"அப்ப இப்பவே எதுக்கு வெயில் காட்டுறீங்க?"

"காலு பழகட்டும்பா. மருந்து வர்றப்ப கூச்சப்படக்கூடாதில்ல?"

அதற்குள் அவரைக் கூப்பிட்டார்கள். "எடத்த விட்டுடாத தம்பி" என்று நொண்டியபடி உள்ளே போனார். நான் துண்டை விரித்துக் காவல் இருந்தேன்.

கதவு படாரென்று திறந்தது. "ஒரு மாசம் பொறுத்துப் பாக்கலாம்னுட்டாங்க! தள்ளு தள்ளு, வெயில் போவுது!"

பிறகு அவரைப் பார்க்கவில்லை. இன்றும் பெஞ்சில் வெயில் விழுந்தால், நகர்ந்து இடம் விட்டுத்தான் உட்காருகிறேன்.