கருப்புத் திரையில் தெரிந்த கோப்பு

பெயர்: பொ. நதியா. பிறப்பு: 1982; நாள் எங்கும் பதிவாகவில்லை, பள்ளியில் சேர்த்தபோது தலைமை ஆசிரியர் ஜூன் 1 என்று எழுதிக்கொண்டார். தந்தை: பொன்னன், செங்கல் சூளையிலும் நெல் அறுவடையிலும் கூலி வேலை. இருப்பிடம்: சாலவாக்கம் சாலையை ஒட்டிய ஏரிக்கரையில் கலங்கல்மேடு என்னும் இருளர் குடியிருப்பு. படிப்பு: பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி, மார்ச் 2000, அக்குடியிருப்பில் அவருக்கு முன் எவரும் இல்லை. பயிற்சி: செங்கல்பட்டில் ஆறு வாரக் கணினி வகுப்பு. பணி: உத்திரமேரூர் கடைத்தெருவில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய மக்கள் தகவல் மையத்தில் கணினி இயக்குபவர், 2-5-2005 முதல் 15-11-2006 வரை. வேலைக்குப் பரிந்துரைத்தவர்: அம்மையத்தின் ஒருங்கிணைப்பாளர் வசந்தகுமாரி.

பணி முடிந்த நாளுக்கு எதிரே மையத்தின் வருகைப் பதிவேட்டில் காரணம் எதுவும் எழுதப்படவில்லை. வெளியேறிய நேரம் மட்டும் நதியாவின் கையெழுத்தில் இருக்கிறது: பிற்பகல் 3.55.

வசந்தகுமாரி நெசவாளர் தெருவைச் சேர்ந்தவர். அப்போது நாற்பது வயதிருக்கும். மையத்தில் இருந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டுமே. முதல் நாள் மதியம் நதியா தன் சாப்பாட்டுப் பாத்திரத்துடன் வெளிப் படிக்கட்டுக்குப் போக, வசந்தகுமாரி பின்னாலேயே வந்து, "இங்க இன்னா பண்ற? உள்ள வா, எனக்கு ஒரு வாய் குடு" என்று கேட்டு, அந்தப் பாத்திரத்திலிருந்தே எடுத்துச் சாப்பிட்டார். இதைப் பிறகு நதியா பலரிடம் சொல்லியிருக்கிறார். கலங்கல்மேட்டில் வசந்தகுமாரியின் பெயரை அறியாதவர் இல்லை.

கலங்கல்மேடு ஏரி நிரம்பி வழியும் இடத்துக்கு அருகில் உள்ளது. ஏரி நிறையும் ஆண்டுகளில் தண்ணீர் குடிசைகளுக்குள் வந்துவிடும். 2006 மழைக்கு முன் அக்குடியிருப்பினர் வேறிடத்தில் வீட்டுமனை கேட்டு மனுக் கொடுப்பது என்று முடிவாயிற்று. குடும்பப் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பை மையம் ஏற்றது. அதாவது நதியா ஏற்றார். ஞாயிற்றுக்கிழமைதோறும் குறிப்பேட்டுடன் குடிசை குடிசையாகச் சென்றார். அவர் கூரைகளை எண்ணவில்லை, அடுப்புகளை எண்ணினார். ஒரே கூரையின் கீழ் மகனும் மருமகளும் தனியே உலை வைத்தால் அது தனிக் குடும்பம் என்பதே அங்குள்ள வழக்கம். கூரைகள் இருபத்தொன்பது, அடுப்புகள் நாற்பத்தொன்று.

மனுவில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கைரேகை வேண்டும். அதற்காக எல்லோரும் உத்திரமேரூர் வந்தால் ஒரு நாள் வேலை போய்விடும். வசந்தகுமாரி ஒரு வழி சொன்னார்: வெற்றுத் தாளில் வலப்பக்கம் கட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போ, ரேகையை வாங்கி வா, பெயரைப் பிறகு இடப்பக்கம் அச்சடித்துக்கொள்ளலாம். நதியாவுக்கு அது சரியாகப் பட்டது. கட்டங்களுக்கும் வரிகளுக்கும் இடைவெளி பிசகாமல் அளந்து தாள் தயாரித்தார். ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் பென்சிலால் ஒன்று முதல் நாற்பத்தொன்று வரை எண்ணிட்டார். ரேகை வாங்கும் முன் அவரவர் பெயரைக் குறிப்பேட்டிலிருந்து படித்துக் காட்டினார். "வெறும் பேப்பர்ல வைக்கிறோமே" என்று ஆனந்தன் என்பவர் மட்டும் கேட்டார். "நான் கீறேன் இல்ல மாமா" என்றார் நதியா. ஆனந்தன் ஆறாம் எண்ணில் விரல் வைத்தார். தாள்கள் மையத்தின் பீரோவுக்குள் சென்றன. சாவி வசந்தகுமாரியிடம் இருந்தது. மனுக் கொடுக்கும் நாள் நவம்பர் 20, திங்கள், காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகத்தில்.

நவம்பர் 15, புதன். பெயர்கள் எல்லாம் ஏறிவிட்டன. ஒவ்வொரு குடும்பத்தின் புகைப்படத்தையும் ஸ்கேன் செய்து பெயருக்கு அருகில் ஒட்டிக்கொண்டிருந்தார் நதியா. நன்கொடையாக வந்த பழைய கணினி அது, லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளம் போட்டிருந்தார்கள். முப்பத்தெட்டாவது படத்தை ஒட்டும்போது சுட்டியின் அம்புக்குறி பாதி வழியில் நின்றது. திரையின் மூலையில் கடிகாரம் 2.17 காட்டியது. சுவர்க் கடிகாரத்தில் 2.21. பொத்தான்கள், சன்னல்கள், படங்கள் யாவும் தெரிந்தன. எதுவும் அசையவில்லை. கடைசியாகச் சேமித்தது பதினொன்றரை மணிக்கு.

எதிர் மேசையில் முதியோர் உதவி விண்ணப்பங்களை அடுக்கிக்கொண்டிருந்த வசந்தகுமாரி தலை தூக்கவில்லை. "ஸ்விச்ச ஆஃப் பண்ணிட்டு போடு நதியா. எல்லாத்துக்கும் அதான் வைத்தியம்."

"காலைலேந்து பண்ணதெல்லாம் பூடும்க்கா."

"போனா போவுது, இன்னொரு வாட்டி அடி. கை தேஞ்சா பூடும்?"

நதியா ‘நம் லாக்’ என்னும் எண்பூட்டு விசையை அழுத்தினார். விசைப்பலகையின் மேல் மூலையில் பச்சை விளக்கு எரிந்தது; மறுமுறை அழுத்தியதும் அணைந்தது. செங்கல்பட்டு வகுப்பில் கற்றது அது. விளக்கு விசைக்குக் கட்டுப்படுகிறது என்றால் இயந்திரம் உள்ளே இயங்குகிறது, முகப்பு மட்டுமே உறைந்திருக்கிறது.

"உயிரு கீதுக்கா. மூஞ்சிதான் நின்னுபோச்சு."

"எங்க வூட்டுக்காரரு மாதிரின்னு சொல்லு."

இருவரும் சிரித்தனர். மையத்தில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுவே கடைசி.

நதியா கன்ட்ரோல், ஆல்ட் ஆகிய இரண்டு விசைகளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு எஃப் ஒன்று விசையைத் தட்டினார். படங்கள் எல்லாம் மறைந்து கருப்புத் திரை வந்தது. அதில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி, பயனர் பெயரைக் கேட்டது. மையத்தில் எல்லோருக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். தனித்தனிக் கணக்கு வைக்கலாமே என்று நதியா ஒருமுறை கேட்டபோது, "நமக்குள்ள இன்னாடி பூட்டு" என்று வசந்தகுமாரி சொல்லியிருந்தார். நதியா அவற்றைத் தட்டி உள்ளே சென்றார். ஓடிக்கொண்டிருந்த நிரல்களின் பட்டியலை வரவழைத்தார். நினைவகம் முழுவதையும் விழுங்கிக்கொண்டு ஒரு நிரல் முதல் வரியில் இருந்தது. அவர் தட்டச்சு செய்துகொண்டிருந்த நிரல்தான். அதன் எண்ணைக் குறித்து, அதை மட்டும் நிறுத்தினார்.

அடுத்து வேலையை மீட்க வேண்டும். அந்நிரல் கால் மணிக்கு ஒருமுறை தானாகவே ஒரு நகல் எடுத்து மறைவான கோப்புறையில் போட்டு வைக்கும். பெயருக்கு முன் ஒரு புள்ளி வைத்த உறையை வண்ணத் திரை காட்டாது. கருப்புத் திரையில், மறைந்தவற்றையும் சேர்த்துக் காட்டு என்று கட்டளை கொடுத்தால் காட்டும். கட்டளை கொடுத்தார். நகல் உறை இருந்தது. அதனுள் 2.10 மணிக்கு எடுத்த நகல் இருந்தது. ஏழு நிமிட வேலைதான் இழப்பு.

நகல் உறைக்கு இரண்டு வரி கீழே இன்னோர் உறை இருந்தது. அதன் பெயரும் புள்ளியில் தொடங்கியது. உள்ளே ஒரே கோப்பு. கோப்பின் பெயர், கலங்கல்மேடு. தேதி, நவம்பர் 10, நேரம் 11.42.

நவம்பர் 10 வெள்ளிக்கிழமை. அன்று வருகைப் பதிவேட்டில் நதியாவுக்கு விடுப்பு. கங்கம்மாள் என்னும் அத்தையைச் செங்கல்பட்டு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தார். விடுப்புக் கேட்கத் தயங்கியவரிடம், "போய்ட்டு வா, இங்க நான் பாத்துக்கறேன்" என்று சொன்னவர் வசந்தகுமாரி.

நதியா ஆல்ட் விசையோடு எஃப் ஏழு விசையைத் தட்டி வண்ணத் திரைக்குத் திரும்பினார். அம்புக்குறி இப்போது நகர்ந்தது. முதலில் தன் பட்டியலை மீட்டுச் சேமித்தார். பிறகு மற்றக் கோப்பைத் திறந்தார்.

அதுவும் நாற்பத்தொரு பெயர்கள் கொண்ட பட்டியல். எழுத்துரு அவருடையது, வரிகளின் இடைவெளியும் அவர் அளந்து வைத்ததே. ஐந்து வரை பெயர்களும் அவர் எழுதியவை. ஆறாம் எண்ணில் ஆனந்தன் இல்லை, ஏழுமலை இருந்தார். ஏழுமலை வசந்தகுமாரியின் தம்பி. பத்தில் சுபாஷ்ரீ, அந்தத் தம்பியின் மைத்துனி. பதினான்கில் ஜெகநாதன், அதே நெசவாளர் தெருக்காரர். இப்படிப் பன்னிரண்டு பெயர்கள் மாறியிருந்தன. ஒரு கூரையின் கீழ் இரண்டாவது அடுப்பாக இருந்த குடும்பங்கள் மட்டும் நீக்கப்பட்டு, நெசவாளர் தெருவில் வாடகை வீட்டில் இருந்தவர்கள் அந்த எண்களில் ஏறியிருந்தனர். மொத்தம் மாறாததால் எண்ணிப் பார்ப்பவருக்கு ஐயம் எழ வழியில்லை. கடைசி வரி: தயாரித்துச் சரிபார்த்தவர், பொ. நதியா.

"அக்கா, பீரோவுல அந்த ரேக பேப்பருங்க எடுங்க."

"இப்ப இன்னாத்துக்கு? திங்கக்கெழமதான?"

"எடுங்கக்கா."

வசந்தகுமாரி எழுந்து வந்து திரையைப் பார்த்தார். சாவிக் கொத்து கையிலேயே இருந்தது. "அது எப்டி வந்துச்சு அங்க? தெரியாதுன்னு சொன்னானே" என்றார். கோப்பை மறைத்துத் தந்தவர் யார் என்று நதியா கேட்கவில்லை.

"பேப்பரு எங்கக்கா?"

"வெள்ளிக்கெழமயே குடுத்தாச்சு. மதியம் காஞ்சிபுரம் போயி நானேதான் குடுத்துட்டு வந்தேன்."

"அப்ப இந்தப் போட்டோல்லாம்? இன்னிக்கி வரைக்கும் நான் ஒட்டிக்கினு கீறேனே."

வசந்தகுமாரி நாற்காலியில் அமர்ந்தார். பின்பு, "கோச்சுக்காம கேளு. ஒரு கூரைக்கி ஒரு மனைதான் குடுப்பாங்க. உன் லிஸ்ட்ட அப்டியே குடுத்தா அந்தப் பன்னெண்டையும் அடிச்சித்தான் போடுவாங்க. வீணா போற எடத்துல நம்ம ஆளுங்க பேரு ஏறட்டுமேன்னு..."

"நம்ம ஆளுங்கன்னா யாருக்கா?"

வெளியே காஞ்சிபுரம் பேருந்துக்கு நடத்துநர் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வசந்தகுமாரி சாவிக் கொத்தை மேசை மேல் வைத்தார்.

"என் தம்பி மூணு புள்ளைங்கள வெச்சிக்கினு வாடக வூட்டுல கீறான். அவனும் இல்லாதவந்தான்."

"அப்ப அவரு வெரல வெச்சி அவரு கேட்டிருக்கலாம். எங்க மாமா வெரலுக்குப் பக்கத்துல அவரு பேர அடிச்சிருக்கீங்க."

"உன்ன இந்த சேர்ல உக்கார வெச்சதே நானு. மறந்துட்டியா?"

"மறக்கலக்கா. அதனாலதான் கீழ என் பேர போட்டீங்களா?"

"யாருனா கேட்டா உன்ன விட்டுக் குடுத்திருக்க மாட்டேன் நதியா."

"குடுத்துட்டீங்கக்கா."

நதியா தன் பட்டியலை அச்சடித்தார். இம்முறை பெயர்களுடன், ரேகைக் கட்டங்களைக் காலியாக விட்டு. மறைந்திருந்த கோப்பையும் ஒரு படி எடுத்துக்கொண்டார். அதை நிறுத்த வசந்தகுமாரி முயலவில்லை. கணினியை முறைப்படி அணைத்துவிட்டு, பதிவேட்டில் நேரம் எழுதிக் கையெழுத்திட்டு வெளியே வந்தார்.

அன்று மாலையே கலங்கல்மேட்டில் எல்லோரையும் கூட்டி, நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். நீக்கப்பட்ட பன்னிரண்டு பெயர்களையும் படித்தார். தன் பெயர் அடியில் இருப்பதையும் படித்தார்.

ஆனந்தன்தான் முதலில் பேசினார். "என் ரேக இப்ப எவனுக்கோ மன வாங்கிக் குடுக்கப் போவுது. அப்டித்தான?"

"அதுக்குத்தான் மாமா இன்னொரு மனு. இதுல பேரெல்லாம் கீது பாருங்க."

"எனக்குப் படிக்கத் தெரியாது. அன்னிக்கி வெறும் பேப்பரு, உன்ன நம்பி வெச்சேன். இன்னிக்கி எழுதின பேப்பரு. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

இருசப்பன் என்பவர் வேறொன்று கேட்டார். "ரெண்டு எடத்துல வெரல் வெச்சா நம்மள திருடன்னு புடிச்சிக்கினு போவ மாட்டாங்களா?" அங்கிருந்தவர்கள் பலருக்கு அந்த அச்சம் இருந்தது, சந்தேக வழக்கில் அழைத்துச் செல்லப்பட்டவர் ஒருவராவது இல்லாத குடிசை அங்கு குறைவு. அப்படி ஆகாது என்று நதியா சொன்னார். எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். அதற்கு அவரிடம் காட்டுவதற்குத் தாள் எதுவும் இல்லை.

கங்கம்மாள் மருத்துவமனைக்குப் போய் வந்த களைப்பு இன்னும் தீராமல் சுவரில் சாய்ந்திருந்தார். "என் பேர படி" என்றார். நதியா படித்தார். "பக்கத்துல இன்னா எழுதிக்கிற?" அடுப்பு எண், வயது, பிள்ளைகள் விவரம் எல்லாவற்றையும் படித்தார். கங்கம்மாள் கடைசி வரை கேட்டார்.

"நல்லா படிக்கிறம்மா. அன்னிக்கும் நல்லாத்தான் படிச்ச" என்று சொல்லி, விரல்களை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

பொன்னன் எல்லோருக்கும் பின்னால் நின்றிருந்தார். மகளுக்காக அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. நதியா மைப்பெட்டியைத் திறந்து தரையில் வைத்துவிட்டு, "நைனா" என்றார். அவர் வந்து குனிந்து, தன் பெயர் எது என்று கேட்காமல், நதியா காட்டிய கட்டத்தில் கட்டை விரலை வைத்தார். வைத்ததும் எழுந்து ஏரிக்கரைப் பக்கம் போய்விட்டார்.

அடுத்த நான்கு நாட்களும் நதியா காலையிலும் மாலையிலும் குடிசை குடிசையாக அந்தத் தாள்களை எடுத்துச் சென்றார். நவம்பர் 20, திங்கட்கிழமை, காஞ்சிபுரத்தில் மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டுப் பெற்றார். அவர் வைத்திருக்கும் நகலின்படி, மனுவில் பெயர்கள் நாற்பத்தொன்று. கைரேகைகள் ஏழு.