சரோஜம்மாவின் கோணிக் கூரை

உலகத்தின் சூட்டைத் தணித்தவர் யார் என்று எவராவது கேட்டால், மாரிகுப்பம் கடைசி லைன் சரோஜம்மா என்று தயங்காமல் சொல்லுங்கள். சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லைனுக்கு மேலே வரும்போது சூரியனே அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் நகரும்.

இத்தனைக்கும் அவர் செய்தது இவ்வளவுதான். ரேஷன் கடைப் பழைய கோணிகளைத் தகரக் கூரைமேல் விரித்து, அரிசி களைந்த தண்ணீரையும் துணி அலசிய தண்ணீரையும் அவற்றின் மேல் ஊற்றினார். அவர் கணவர் தங்கச் சுரங்கத்தில் அடி லெவலில், பூமிக்கு வெகு ஆழத்தில், வேலை பார்த்தவர். அந்த வேக்காட்டிலிருந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி மேலே வருகிறவருக்கு ஏப்ரல் மாதம்கூடக் குளிர்காலம். "வீடு ஜில்லுனு கீது" என்பாராம். அவர் போன பிறகுதான் வீடு எப்படிச் சுடுகிறது என்பதே தனக்குத் தெரிந்தது என்பார் சரோஜம்மா.

முதலில் "கோணிக்காரம்மா" என்று சிரித்தவர் பக்கத்து வீட்டு வின்னி அக்கா. குழந்தைக்கு வேர்க்குரு வந்ததும் அவரே இரண்டு கோணி கேட்டு வாங்கிப் போனார். மழை பொய்த்த அந்த வருஷம் லைன் முழுக்கக் கூரைகள் சணல் சட்டை போட்டுக்கொண்டன.

பூமி சூடாவதை ஊர் ஜனங்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று படம் எடுக்க, பெங்களூரிலிருந்து டிவிக்காரர்கள் வேனில் வந்தார்கள். சரோஜம்மா கல்யாணப் பட்டுப்புடவை கட்டி, பவுடர் அப்பிக்கொண்டு, ஏணியில் ஏறிக் கோணி நனைத்தார். இறங்கிவந்து பேட்டிக்கு நின்ற நேரம் பார்த்து சுரங்கத்து ஷிப்ட் சங்கு ஊதியது.

சங்கு ஊதினால் எங்கள் குழாயில் தண்ணீர் வரும்; கொஞ்ச நேரம்தான். கேமராவாவது ஒன்றாவது, லைன் மொத்தமும் குடத்தோடு ஓடியது, நானும்தான். சரோஜம்மா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். நாங்கள் திரும்பியபோது வேன் போயிருந்தது. அவர் குடம் காலி.

"இன்னா சரோஜம்மா, தண்ணிய வுட்டுட்டு இன்னா பண்ணீங்க?" என்றார் வின்னி அக்கா.

"பேசினேன். டிவிக்கு அவ்ளோ நேரம் பேசினேன். வரும், பாரு."

அன்றிலிருந்து குழாயடியில் அதே பேச்சு. "பேட்டி இன்னும் வரலியா? அதப் பாத்துட்டுத்தான் மழையே வரப்போவுதாம்" என்று வின்னி அக்கா இழுப்பார். படத்தில் வராமல் போனால் சரோஜம்மா அந்தக் குழாயடியில் தலை நிமிர முடியாது.

படம் போட்ட ஞாயிறு சாயங்காலம் மாரிகுப்பத்தில் கரண்ட் இல்லை. நான் பக்கத்து ராபர்ட்சன்பேட்டையில் ஒரு டிவி கடை வாசலில் நின்று முழுசாகப் பார்த்தேன். வறண்ட ஏரிகள் வந்தன. கண்ணாடி போட்டவர்கள் வந்து பேசினார்கள். கடைசியில் ஒரு ஈரக் கோணி, அதன்மேல் ஒரு கை, பட்டுப்புடவை ஓரம். அவ்வளவுதான். பேச்சே இல்லை.

திரும்பி வந்தால், லைன் ஜனம் வாசலிலேயே காத்திருந்தது.

"இன்னாடா பிரேமு, வந்தாங்களா?" என்று முதலில் கேட்டது வின்னி அக்காதான்.

"வந்தாங்களாவா? பாதி படம் சரோஜம்மா அத்தைதான்! மூஞ்சி டிவி பொட்டி பூரா! 'வெயிலு எங்கள கேட்டா வருது? நாங்க மட்டும் ஏன் யாரயாவது கேக்கணும், கோணிய நனைங்க'ன்னாங்க பாரு, கடைக்காரரு கைதட்டினாரு."

சரோஜம்மா கண் சிமிட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "ஆமா, அப்டித்தான் சொன்னேன்" என்றார்.

வின்னி அக்கா குரல் இறங்கிவிட்டது. "எங்க கூரைய காட்டினானா?"

"ரெண்டு தடவ காட்டினான்க்கா."

எல்லாரும் திருப்தியாக உள்ளே போனார்கள். நானும் நழுவப் பார்த்தேன். காதைப் பிடித்து நிறுத்தினார் சரோஜம்மா.

"டேய், சங்கு சத்தம் ஒரு பக்கம், நீங்க குடத்த தூக்கிட்டு ஓடின சத்தம் ஒரு பக்கம். ஒண்ணும் கேக்காதுன்னு அந்த ஆளு மைக்க சுருட்டிகினு கெளம்பிட்டான். நான் வாயே தெறக்கல. கடைக்காரன் எதுக்குடா கைதட்டினான்?"