துளையை அடைத்தும் மறையாத கோடுகள்

என் மச்சினனைத் திட்டாமல் என் மனைவியைப் பற்றிச் சொல்ல எனக்கு வராது. முயற்சி செய்து பார்த்துவிட்டேன்.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். "மூச்சை அடக்குங்க, விடுங்க, முடிஞ்சுது, நீங்க போகலாம்" என்று பகலெல்லாம் சொல்லிச் சொல்லிக் கனவிலும் அதையே உளறுவாள். அவள் தம்பி செல்போன் விளையாட்டு செய்கிறவன். திரையில் மணலைக் கொட்டலாம், தண்ணீர் ஊற்றலாம், நெருப்பு வைக்கலாம். எல்லாம் நிஜம் போலவே விழும், ஓடும், எரியும். எலெக்ட்ரானையும் சேர்க்கலாமே என்று கிளப்பிவிட்டவள் இவள்தான். இரண்டு வருஷம் சாப்பாட்டு இடைவேளையெல்லாம் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்து அதற்கான கணக்கை எழுதினாள்.

அவள் உயிரை வைத்திருந்தது ஒரே விஷயத்தில். ஒரு தடுப்பில் இரண்டு துளை. எலெக்ட்ரானை ஒவ்வொன்றாக விட்டாலும் அந்தப் பக்கம் கோடு கோடாக விழும். ஒரு துளையை அடைத்தால் கோடுகள் கலைந்துவிட வேண்டும். முதல் தடவை கலைந்தபோது, குளித்துவிட்டு வந்த என்னை ஈரத்தலையோடு இழுத்துப்போய்க் காட்டினாள். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்து நானும் சிரித்தேன்.

விளையாட்டு வெளிவந்தது. இயற்பியல் முழுக்க அக்காவுடையது என்று முதல் திரையிலேயே அவள் பெயரைப் போட்டிருந்தான். ஆபீசில் ஒருத்தரை விடாமல் காட்டினேன்.

பிறகு ஒரு பள்ளி ஆசிரியை அவளுக்கு எழுதினார். துளையை அடைத்தும் கோடுகள் போகவில்லையே, பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று. நீங்கள் சரியாக அடைத்திருக்க மாட்டீர்கள், என் தம்பி அப்படி அரைகுறையாக விடுகிறவன் இல்லை என்று இவள் பதில் போட்டாள். போட்ட பிறகுதான் தானே அடைத்துப் பார்த்தாள். கோடுகள் அசையவில்லை. இரண்டையும் அடைத்தாள். அப்போதும் இருந்தன. வரைந்து ஒட்டிய வெறும் படம்.

தம்பியை வரச்சொன்னாள். பழைய போன்களில் அவள் கணக்கு ஓடாமல் திணறியதாம், வெளியிடுவதற்கு முந்தின வாரம் அதைத் தூக்கிவிட்டுப் படத்தை ஒட்டினானாம். சொன்னால் வருத்தப்படுவாளே என்றுதான் சொல்லவில்லையாம். என்ன கரிசனம்!

"அக்கா, துளையை எல்லாம் யாரு அடைச்சுப் பார்க்கப் போறாங்க?"

"அப்போ என் பேரை எடுத்துடுடா."

"நிஜ இயற்பியல்னு உன் பேரோட போட்டிருக்கறதைப் பார்த்துத்தான் பள்ளிக்கூடத்துல எல்லாம் விளையாட்டை வாங்கறாங்க. அது மட்டும் முடியாதுக்கா."

அவள் லேப்டாப்பைத் திறந்தாள். நீங்கள் சரியாகத்தான் அடைத்தீர்கள், அந்தக் கோடுகள் பொய், அங்கே என் பெயரும் பொய் என்று ஆசிரியைக்கு எழுதினாள். மாமா, நீங்களாவது சொல்லுங்க என்று அவன் என் கையைப் பிடித்தான். நான் கையை உருவிக்கொண்டேன். அனுப்பிவிட்டுத் தம்பியை நிமிர்ந்து பார்த்தாள்.

"முடிஞ்சுது. நீங்க போகலாம்."